உலரத் தெரிந்த வேர்

விருத்தாசலத்துச் செராமிக் கம்பெனியில் பொம்மை வார்ப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் ஒன்று புரியும். அங்கே பாதி வேலை, தண்ணீரை வெளியேற்றுவதுதான். களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் அரைத்துக் குழம்பாகக் கரைத்த 'ஸ்லிப்'பை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுகிறார்கள். சில நிமிடங்களில் அச்சின் உட்சுவரை ஒட்டிக் களிமண் ஏடாகப் படிகிறது. தேவையான கனம் வந்ததும் மீதிக் குழம்பைக் கவிழ்த்துவிட்டு, சற்றுப் பொறுத்து அச்சைப் பிரித்தால், உள்ளே கூடான பொம்மை தன் காலில் நிற்கிறது. நெருப்பு இன்னும் கிட்டே வரவில்லை. குழம்பைப் பொம்மையாக்கியது பிளாஸ்டரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள். அவை நீரை மட்டும் உறிஞ்சிக்கொண்டு களிமண்ணை வெளியே நிறுத்திவிட்டன.

காய்ந்த பொம்மையை முதல் சூட்டில் சுட்டெடுத்தால் அதற்குத் தொழிலில் 'பிஸ்கட்' என்று பெயர். 1,000 டிகிரி செல்சியஸை ஒட்டிய அந்தச் சூட்டில் களிமண் இறுகிவிடுகிறது. துகள்களுக்கு இடையிலுள்ள சந்துகள் மட்டும் மூடுவதில்லை. பிஸ்கட் துண்டின் உடைந்த விளிம்பை நாக்கில் வைத்துப் பாருங்கள், வெடுக்கென்று ஒட்டிக்கொள்ளும். எச்சிலை அது குடிக்கிறது. அதே துண்டின் மேல் கிளேஸ் எனும் கண்ணாடிப் பூச்சைப் பூசி 1,200 டிகிரிக்கு மேல் மறுபடி சுட்டால், ஃபெல்ட்ஸ்பார் உருகிச் சந்துகளை அடைத்துவிடும். பிறகு நாக்கு வழுக்கும்.

பிஸ்கட் துண்டைப் போலவே தொட்டவுடன் தண்ணீரைக் குடிக்கிற வேர் ஒன்று உண்டு. குடித்த வேகத்தில் இல்லாவிட்டாலும், சில மணி நேரத்தில் அதை விட்டுவிடவும் அதற்குத் தெரியும். அந்த வேரை வைத்துக்கொண்டு ஓர் ஆர்க்கிட், கத்திரி வெயிலில் கொதிக்கும் நம் சமவெளியில், மண்ணையே தொடாமல் மரக்கிளையில் வாழ்கிறது. அதன் பெயர் வாண்டா டெசெல்லாட்டா.

ஆர்க்கிட் என்றதும் ஊட்டி, கொடைக்கானல், பனி, கண்ணாடிக் குடில் என்று மனம் ஓடுகிறது. ஓடுவதில் தப்பில்லை. விருத்தாசலத்தில் சேலம் ரயிலைப் பிடித்துப் போய் ஏற்காடு ஏறினால், இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தேசிய ஆர்க்கிட் தோட்டமே அங்கே இருக்கிறது. தமிழ்நாட்டு ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை மலைவாசிகள்தான். இந்த வாண்டா விதிவிலக்கு. இலங்கை, இந்தியா, நேபாளம், வங்கதேசம், மியான்மர் என்று பரந்து கிடக்கும் இது, கோரமண்டல் கரையோரத்து உலர் பசுமைமாறாக் காடுகளிலும், அந்தக் காடுகளின் மிச்சமாக நிற்கும் ஐயனார் கோயில் தோப்புகளிலும் வளர்கிறது. மா, இலுப்பை, புளி போன்ற சொரசொரப்பான பட்டையுள்ள மரங்களென்றால் இதற்குப் பிடிக்கும்.

செடியில் கவர்ச்சி ஒன்றுமில்லை. தண்டு ஒன்று; அதன் இரு பக்கமும் அடுக்கடுக்காக நடுவில் மடிந்த பட்டை இலைகள், ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடக்குறைய. இலை நுனியை எலி கடித்துவிட்டதோ என்று தோன்றும், அப்படி ஒழுங்கற்ற பற்களோடு முடியும். தண்டு கிளைக்காமல் நுனியில் மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. அந்த நுனி அழுகினால் அந்தத் தண்டின் கதை முடிந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஐப்பசி மழையில் தேவைப்படும். கோடையிலும் அதையடுத்த மாதங்களிலும் இலைக் கக்கத்திலிருந்து பூந்தண்டு நீளும். அதில் பல பூக்கள் இருக்கும். இதழ்கள் பச்சையும் மஞ்சளுமாக, மேலே பழுப்புக் கோடுகளால் கட்டம் போட்டிருக்கும். திருப்பினால் பின்பக்கம் வெள்ளை. நடுவிலுள்ள உதட்டிதழ் மட்டும் ஊதா. வாசனை இனிப்பு. பூ சாதாரணமாக இரண்டு மூன்று வாரம் நிற்கும்.

இந்தச் செடியை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்திய புத்தகத்தின் பெயரிலேயே நம் கரை இருக்கிறது. 1776-ல் சென்னைக்கு வந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவப் பணியில் சேர்ந்த வில்லியம் ராக்ஸ்பர்க், பிறகு ஆந்திரத்துச் சாமல்கோட்டையில் தோட்டம் போட்டு, இந்திய ஓவியர்களை உட்காரவைத்துச் செடிகளை வரையச் செய்தார். அவற்றில் 300 படங்கள் 'கோரமண்டல் கரையின் தாவரங்கள்' என்ற பெயரில் மூன்று தொகுதிகளாக லண்டனில் வெளியாயின. 1795-ல் தொடங்கிய முதல் தொகுதியிலேயே நம்முடைய கட்டம்போட்ட பூ இடம்பிடித்துவிட்டது. அப்போது அவர் கொடுத்த பெயர் எபிடென்ட்ரம் டெசெல்லாட்டம். மரத்தின் மேல் வாழும் ஆர்க்கிட் எதுவானாலும் அந்தக் காலத்தில் எபிடென்ட்ரம்தான்.

செடி லண்டன் போய்ச் சேர்ந்த பிறகு நடந்ததுதான் நமக்குப் பாடம். வெப்ப நாட்டு ஆர்க்கிட்டுகள் எல்லாமே புழுங்கும் இருண்ட காட்டில் வாழ்கின்றன என்று ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் நம்பினார்கள். கண்ணாடி வீட்டைச் சாத்தி, நெருப்பு மூட்டி, ஆவி கிளப்பி, உள்ளே செடிகளை அடைத்தார்கள். பெரிய தாவரவியலாளரான ஜான் லிண்ட்லியே 1830-ல் சூடு, ஈரம், நிழல் மூன்றையும்தான் பரிந்துரைத்தார். செடிகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. அந்தப் பத்தாண்டிலேயே சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்தில் ஜோசப் பாக்ஸ்டன் ஜன்னலைத் திறந்துவிட்டார். சூட்டைக் குறைத்தார், காற்றை ஓடவிட்டார். செடிகள் பிழைத்தன. இன்று நம் ஊர் மொட்டைமாடியில் ஆர்க்கிட் சாவதும் பெரும்பாலும் லிண்ட்லி முறையில்தான். வெயிலில் காய்ந்து செத்த வாண்டாவைவிட, அன்போடு ஊற்றிய தண்ணீரில் செத்த வாண்டாக்கள்தான் நான் பார்த்தவற்றில் அதிகம்.

ஏன் அப்படி என்பதை வேர்தான் சொல்லவேண்டும். நன்கு காய்ந்த வாண்டா வேர் ஒன்றைக் கையில் எடுங்கள். பென்சில் கனத்தில், வெள்ளி நிறத்தில், சற்று விறைப்பாக இருக்கும். நுனியில் ஓர் அரை அங்குலம் மட்டும் பளபளக்கும் பச்சை. வளர்வது அந்த இடம்தான். வெள்ளிப் பகுதியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு உருண்டு விழாது, நிற்கவும் நிற்காது; காணாமல் போய்விடும். அது போன இடத்தில் வேர் பச்சையாக மாறும். வேர் முழுவதையும் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டுக் கைக்கண்ணாடியால் பார்த்தால், பச்சைக்கு நடுவே சின்னச் சின்ன வெள்ளைக் கீற்றுகள் மட்டும் நனையாமல் நிற்பது தெரியும். சற்று நேரம் ஊறினாலும் அவை பச்சையாவதில்லை.

வெள்ளியாகத் தெரிவது வெலாமென் எனும் உறை. பல அடுக்குச் செல்கள், எல்லாமே இறந்தவை. வேர் வளரும்போதே அவை உள்ளீட்டைக் காலி செய்துவிட்டுச் செத்து, வெறும் சுவர்களாக நிற்கின்றன. உள்ளே காற்று இருக்கும்வரை ஒளி சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் நிறைந்ததும் ஒளி ஊடுருவ, உள்ளேயிருக்கும் பச்சையம் தெரிகிறது. ஆம், இந்த வேரில் பச்சையம் உண்டு. இலை செய்யும் வேலையைக் கொஞ்சம் வேரும் செய்கிறது. வெயிலில் நேரடியாகக் கிடக்கும் அந்த உயிர்த் திசுவைப் புறஊதாக் கதிரிலிருந்து காப்பதும் இந்த இறந்த உறைதான் என்று 2015-ல் கியோம் சோமிக்கியும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். நனையாத வெள்ளைக் கீற்றுகள் மூச்சுவிடும் இடங்கள். உறை முழுக்கத் தண்ணீர் நின்றாலும் அந்தக் கீற்றுகள் வழியே காற்று உள்ளே போய்வருகிறது. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஊறினால் அந்த வழியும் அடைபட்டு உள் திசு மூச்சுத்திணறுகிறது. அழுகல் அங்கிருந்து தொடங்குகிறது.

ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெர்ஹார்ட் ஸோட்ஸும் ஊவே விங்க்ளரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வில் இந்த உறையை அளந்து பார்த்தார்கள். நிறைவதற்கு நொடிகள் போதும், வற்றுவதற்குப் பல மணி நேரம் ஆகிறது. மழை பெய்து ஓய்ந்த பின்னும் உள்ளே இருக்கும் உயிர்த் திசு நிதானமாக நீரை இழுத்துக்கொள்ள அந்த மணிக்கணக்கு போதுமானது. இன்னொன்றையும் அவர்கள் கண்டார்கள். மின்னூட்டம் உள்ள அயனிகளை அந்த இறந்த சுவர்கள் பிடித்துவைத்துக்கொள்கின்றன. மின்னூட்டம் இல்லாத மூலக்கூறுகள் திரும்ப வெளியே கழுவிப்போய்விடுகின்றன. உரம் போடும் இடத்தில் இதற்கு வருவோம்.

ஜாவாவில் பணியாற்றிய டச்சுத் தாவரவியலாளர் ஃப்ரிட்ஸ் வென்ட் 1940-லேயே இதையொட்டி ஓர் ஊகம் சொல்லியிருந்தார். மழையின் முதல் சில நிமிடத் தண்ணீர்தான் சத்துள்ளது. இலையிலும் பட்டையிலும் பல நாளாகப் படிந்த தூசி, பறவை எச்சம், பூச்சிக் கழிவு எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு கிளை வழியே வழிகிறது. அதற்குப் பின்வருவது ஏறக்குறைய வெறும் நீர். வேர் முதல் வழிசலிலேயே நிறைந்துவிட்டால், சத்தான தண்ணீர் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். வெறும் நீர் வெளியே ஓடிவிடும். மண்ணில்லாத செடிக்கு இதுதான் சாப்பாடு. அது நடக்கவேண்டுமானால் வேர் முன்பே காய்ந்திருக்கவேண்டும். எப்போதும் நனைந்தே இருக்கும் வேருக்கு முதல் மழையும் ஒன்றுதான், பத்தாவது மழையும் ஒன்றுதான்.

இலைகளும் இந்தக் கணக்குக்கு ஒத்துப்போகின்றன. பகல் வெயிலில் இலைத்துளைகளைத் திறந்தால் தண்ணீர் பறந்துவிடும் என்பதால், வாண்டா அவற்றை இரவில் திறந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கி, மாலிக் அமிலமாகச் சேர்த்து வைக்கிறது. பகலில் கதவைச் சாத்திக்கொண்டு சேமிப்பை எடுத்துச் சமைக்கிறது. கள்ளிகளும் அன்னாசியும் செய்வது இதையேதான். இந்த இரவு வேலையின் தடயத்தை முதலில் எழுதிவைத்தவர்களில் ஒருவர் நமக்குப் பக்கத்து ஊருக்கு வந்தவர். தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த பெஞ்சமின் ஹெய்ன், பிறகு ராக்ஸ்பர்க்கின் சாமல்கோட்டைத் தோட்டத்துக்கே பொறுப்பேற்றார். ரணகள்ளி இலை விடியற்காலையில் புளிக்கிறது, நண்பகலில் சுவையற்றுப் போகிறது என்று அவர் லண்டனுக்கு எழுதிய கடிதம், 1815-ல் லின்னேயன் சங்கத்தின் இதழில் அச்சானது. கடித்துப் பார்ப்பதையும் ஆய்வு முறையாகக் கொண்டிருந்த காலம்.

இனி வளர்ப்பு. விருத்தாசலத்துக்காரருக்கு முதல் சந்தேகம், உள்ளூர்ப் பீங்கான் தொட்டி ஆகுமா என்பது. கிளேஸ் பூசி, அடியில் ஒற்றைத் துளை விட்ட பளபள தொட்டி ஆகவே ஆகாது. அதில் தண்ணீர் போக ஒரு வழிதான். சுவர் மூச்சே விடாது. கிளேஸ் பூசாத பிஸ்கட் தொட்டி நல்லது. ஆனால் பக்கவாட்டில் விரல் நுழையும் அளவுக்குத் துளைகள் வேண்டும். அவற்றைச் சுட்ட பிறகு போட்டால் விரிசல் விழும். பச்சைத் தொட்டி விரலுக்கு அமுங்காத பதத்துக்குக் காய்ந்த நிலையிலேயே வெட்டியெடுக்கவேண்டும். கம்பெனியில் பழக்கமான ஆள் இருந்தால் செய்துகொடுப்பார். பிஸ்கட் சுலபத்தில் விளிம்பு உதிரும், விலையும் கூடும் என்பதால், சக்கரத்தில் செய்த சாதாரண மண்சட்டியில் துளை போட்டு வாங்கினாலே போதும் என்பது என் கட்சி.

தொட்டிக்குள் மண் கூடாது. மண்புழு உரம், செம்மண், எரு எதுவும் கூடாது. பெரிய மரக்கரித் துண்டுகளும் உடைந்த ஓட்டுச் சில்லுகளும் போதும், அதுவும் வேர்களை நிறுத்தும் அளவுக்குத்தான். விருத்தாசலத்தில் கழித்துக் கட்டிய செராமிக் சில்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சில்லு எல்லாம் ஒன்றல்ல. உடைந்த பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். உடனே மறைந்தால் அது பிஸ்கட். கொஞ்சம் ஈரம் வைத்திருந்து மெல்ல விடும், கோடைக்கு உதவும். சொட்டு அப்படியே நின்றால் அது முழுச்சூடு கண்ட பீங்கான். தொட்டிக்கு எடையும் இடைவெளியும் தரும், ஈரம் தராது, மழைக்காலத்துக்கு ஏற்றது. இரண்டையும் கலந்து போடலாம். கூரான விளிம்புகளை மட்டும் உரசி எடுத்துவிடுங்கள். தேங்காய் மட்டையைப் பலரும் சொல்கிறார்கள். கோடையில் குறை சொல்ல முடியாது. கார்த்திகையில் அது ஊறிக்கொண்டே கிடக்கும், வேரும் கூடவே ஊறும். நான் போடமாட்டேன்.

துளையிட்ட மண்சட்டியின் இன்னொரு பலன் குளிர்ச்சி. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகச் சுற்றிலுமிருந்து ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. வைகாசிக் காற்று வறண்டிருப்பதால் சட்டிச் சுவர் நன்றாகக் குளிரும். ஐப்பசியில் காற்றே ஈரமாக இருப்பதால் ஆவியாவது அநேகமாக நின்றுவிடும். சட்டி குளிரவும் குளிராது, காயவும் காயாது. ஒரே சட்டி, ஒரே செடி, ஒரே ஆள் ஊற்றும் ஒரே அளவு தண்ணீர், ஐந்து மாத இடைவெளியில் நேர்மாறான விளைவைத் தருவது இதனால்தான். 'வாரத்துக்கு இத்தனை முறை' என்ற விதி எந்தப் புத்தகத்தில் இருந்தாலும் நம்ப வேண்டாம். வேர் வெள்ளியாக இருந்தால் ஊற்றுங்கள். பச்சையாக இருந்தால் சும்மா இருங்கள்.

நடைமுறையில் இது இப்படி வரும். பங்குனியிலிருந்து ஆனி வரை காலையில் வேர் முழுவதும் பச்சையாகும்வரை தெளித்து, சில நிமிடம் கழித்து இன்னொரு தரம் தெளிக்கவேண்டும். வெப்பக்காற்று வீசும் நாளில் மாலை நான்கு மணிக்குள் மறுபடியும் ஒருமுறை. அதைத் தாண்டினால் இலைக் கக்கத்தில் தண்ணீர் தேங்கிய நிலையில் இருட்டிவிடும். ஆடி, ஆவணியில் இடிமழை வந்த நாளை விட்டுவிடலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் செடியைத் தாழ்வாரத்துக்குள் இழுத்துக் கட்டுங்கள். சட்டியைச் சற்றுச் சாய்த்துக் கட்டினால் குருத்தில் நீர் நிற்காது. குருத்தில் நின்ற நீரைச் சிறு காகிதத் துண்டால் ஒற்றி எடுப்பது அசட்டு வேலையாகத் தெரியலாம். அந்த ஒற்றை நுனிதான் தண்டின் எதிர்காலம் முழுவதும். மார்கழி, தையில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, காலையில் மட்டும்.

எந்தத் தண்ணீர் என்பது கடலூர் மாவட்டத்தில் சின்னக் கேள்வியல்ல. பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. வேரில் தண்ணீர் ஆவியாகும்போது உப்பு மட்டும் தங்கி, உறையின் துளைகளை அடைத்து, நுனியைக் கருக்கும். சட்டியின் வெளிப்புறம் வெள்ளைப் பூப்பு படர்ந்தால் உள்ளேயும் அதுதான் நடக்கிறது. வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுநீரைச் செடிக்கு விடுவது நல்ல சிக்கனம்தான். ஆர்க்கிட்டுக்கு மட்டும் வேண்டாம், வடிகட்டிய உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. மழைநீரே சிறந்தது. 2003-ல் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது பதித்த குழாய்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அதில் ஒன்றை ஒரு டிரம்முக்குத் திருப்பினால், சில செடிகளுக்குக் கோடையின் பெரும்பகுதி தாங்கும். கொசு புகாமல் மூடிவையுங்கள்.

உரம். கடையில் சுலபமாகக் கிடைப்பது 19-19-19. பெரும்பாலான பைகளின் பின்புறத்தைப் படித்தால், அதிலுள்ள நைட்ரஜனில் பாதிக்கு மேல் யூரியா வடிவில் இருப்பது தெரியும். யூரியா மின்னூட்டம் இல்லாத மூலக்கூறு. மேலே சொன்ன வேருறை அதைப் பிடித்துவைக்காது. மண்ணில் விழுந்தால் நுண்ணுயிரிகள் அதை அம்மோனியமாக மாற்றித் தரும். கரித்துண்டில் அதற்கு அவகாசம் குறைவு. அதனால் யூரியா முழுக்க வீண் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் ஒரு வாரம் 19-19-19, அடுத்த வாரம் கால்சியம் நைட்ரேட் என்று மாற்றி மாற்றிக் கொடுப்பது புத்திசாலித்தனம். இரண்டையும் ஒரே வாளியில் கலக்கக்கூடாது, பாஸ்பேட்டும் கால்சியமும் சேர்ந்து வாளியடியில் படிந்துவிடும். லிட்டருக்கு அரை கிராம் போதும்.

உரம் தெளிக்குமுன் வேரை நன்றாக நனைத்துக்கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் வேர் கருகும் என்பது ஆர்க்கிட் வளர்ப்பவர்களிடையே நெடுநாளைய பழக்கம். கரைசல் கெட்டியாக இருந்தால் அது சரி. அரை கிராம் கரைசலுக்கு அந்த அச்சம் தேவையில்லை. நனைத்துவிட்டு உரம் தெளித்தால், ஏற்கெனவே நிறைந்துவிட்ட உறைக்குள் உரத்துக்கு இடம் ஏது? வென்ட்டின் ஊகத்தையும் ஓல்டன்பர்க் அளவீட்டையும் சேர்த்துப் படித்தால், காய்ந்த வேருக்கு முதலில் நீர்த்த உரம், சற்று நேரம் கழித்து வெறும் தண்ணீர் என்ற வரிசைதான் பொருந்துகிறது. மாதம் ஒருமுறை உரமே இல்லாமல் மழைநீரால் கழுவி விடுங்கள்.

வெளிச்சத்தில் தயக்கம் வேண்டாம். காலை வெயில் நேராகவும், பத்து மணிக்குப் பிறகு 50 சதவீதப் பச்சை வலைக்கு அடியிலும் இருந்தால் சரி. இலை கரும்பச்சையாகப் பார்க்க அழகாக இருக்கிறது என்றால் வெளிச்சம் போதவில்லை. அந்தச் செடி பூக்காது. இலை மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கவேண்டும். செம்புள்ளிகள் வந்தால் சற்று நகர்த்துங்கள். பூச்சிகளில் செதில் பூச்சியும் மாவுப்பூச்சியும் வரும். பழைய பல்துலக்கியும் சோப்புத் தண்ணீருமே பெரும்பாலும் போதும். மழைக்காலத்தில் நத்தை இரவோடு இரவாக வேர்நுனிகளைத் தின்றுவிடும். சட்டியைத் தொங்கவிட்டால் அந்தத் தொல்லை குறையும்.

மரம் இருப்பவருக்குச் சட்டியே தேவையில்லை. மாமரத்தில் தலைக்கு மேலே கிழக்குப் பார்த்த கிளை கிடைத்தால் உத்தமம். பட்டை உரியும் கொய்யாவும் தைலமரமும் உதவா. ஒட்டிய வேர் பட்டையோடு விழும். இந்தப் பக்கம் முந்திரிக்குக் குறைவில்லை, ஆனால் தாழ்ந்து அடர்ந்த அதன் நிழலில் வாண்டா பூக்க யோசிக்கும். பழமலைநாதர் கோயில் வன்னியை நினைப்பவர்கள் நினைப்போடு நிறுத்திக்கொள்ளவும். தலமரத்தில் கயிறு கட்ட யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஆடியில், வேர்நுனி பச்சையாக ஓடும் சமயம் பார்த்து, தென்னங்கயிற்றால் தண்டின் அடியை அசையாமல் கட்டுங்கள். அசைந்தால் புது வேர் பட்டையைப் பிடிக்காமல் உரசிக் கெடும். ஐப்பசிக்குள் நாலு வேர் பிடித்துவிட்டால் அதற்குப் பிறகு மரம் பார்த்துக்கொள்ளும். முதல் கோடைக்கு மட்டும் நீங்கள் தெளிக்கவேண்டியிருக்கும்.

இவ்வளவு தாங்கும் செடி காடுகளில் குறைந்துவருவதற்கு வெயில் காரணமல்ல. நிற்கும் மரங்களே குறைந்துவிட்டன. அத்தோடு மருந்துக்கும் பிடுங்குகிறார்கள். ஆயுர்வேதத்தில் ராஸ்னா என்ற சரக்கு, தென்னாட்டில் அரத்தைக் கிழங்கு. வங்காளத்தில் இந்த வாண்டாவின் வேர். பெயர் ஒன்று, செடி வேறு வேறு. 2000-ல் கேரளத்துப் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்டத்தின் ஆய்வாளர்கள், இதன் சாறு ஆண் சுண்டெலிகளின் பாலுணர்வைத் தூண்டுவதாகக் கட்டுரை வெளியிட்டார்கள். எலியில் கண்டது எலிக்கு. ஆனால் இந்த மாதிரிச் செய்தி சந்தைக்கு எந்த வடிவத்தில் போய்ச் சேரும் என்று சொல்லவேண்டியதில்லை.

பிடுங்கிய இடத்தில் அது சுலபத்தில் முளைக்காது. ஒரு காயில் தூசு போன்ற விதைகள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், எந்த விதையிலும் சேமித்த உணவு ஏறக்குறைய இல்லை. விழுந்த இடத்தில் பொருத்தமான பூஞ்சை இருந்து, அது விதைக்குள் புகுந்து ஊட்டினால்தான் முளை. பிரான்சில் நோயல் பெர்னார் இதை 1899-லிருந்து அடுத்தடுத்து நிறுவினார். பூஞ்சைக்குப் பதில் புட்டிக்குள் சர்க்கரை கலந்த அகார் கூழிலேயே விதையை முளைக்கவைக்கலாம் என்று அமெரிக்காவில் லூயிஸ் நட்சன் 1922-ல் காட்டினார். இன்று கடைக்கு வரும் ஆர்க்கிட் கன்றுகள் பெரும்பாலும் அந்தப் புட்டிவழி வந்தவை. புட்டியை விட்டு வெளியே வந்த வாண்டா பூக்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவேண்டும். அவசரக்காரருக்கு, வளர்ந்த செடியின் அடியில் கிளம்பும் பக்கக் கன்று வழி. அதற்கென்று சொந்தமாக மூன்று வேராவது நீண்ட பிறகு, சுட்டுத் துடைத்த கத்தியால் வெட்டி, வெட்டுவாயில் மஞ்சள் தூளோ லவங்கப்பட்டைத் தூளோ அப்பி, இரண்டு நாள் நனைக்காமல் வைத்துக் கட்டலாம்.

விலைக்கு வாங்குவதானால் இலையைப் பார்க்காமல் வேரைப் பாருங்கள். நாற்றங்கால் செடியின் வேர் எல்லாப் பக்கமும் உருண்டையாக இருக்கும், சில நுனிகளாவது பச்சையாக ஓடிக்கொண்டிருக்கும். காட்டு மரத்திலிருந்து பெயர்த்ததென்றால் வேரின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், அதில் பட்டைத் துணுக்குகள் ஒட்டியிருக்கும், நுனிகள் ஒடிந்திருக்கும். பூந்தண்டோடு மலிவாகக் கொடுத்தாலும் அதை வாங்காதீர்கள். ஒடிந்த வேர் மீண்டும் நீளாது. புது வேர் விடுவதற்குள் அநேகமாக ஒரு கோடை வந்துவிடும்.